நிறம் மாறும் துளி

ஹேசல் குவளையைக் கீழே வைத்தபோது அதன் அடியில் ஒரு விரற்கடை பீர் மிஞ்சியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பகலுணவின் தட்டுகள் இன்னும் மேசையில் கிடந்தன. சுட்ட இறைச்சியின் கொழுப்பு ஓரங்களில் வெண்மையாக உறையத் தொடங்கியிருந்தது. சன்னல் வழியே வந்த மெலிந்த வெயில் அந்த மிச்சத்தில் விழுந்து, அதைச் சிறிய செம்மணிபோல் ஒளிரச் செய்தது.

"நல்லா இருக்குப்பா," என்றாள்.

அவள் கணவர் டெரிக் அந்தச் சொல்லைப் பொருட்படுத்தவில்லை. அவருடைய கண் விரற்கடையிலேயே நின்றது. மணமாகி இரண்டாண்டுகளில் அவர் வடித்து அவள் முன் வைத்த எந்தப் பீரும் முழுதாக அவள் தொண்டைக்குள் போனதில்லை. முக்கால் குவளைவரை விருப்பத்தோடுதான் குடிப்பாள். கடைசியில் அந்த ஒரு விரற்கடை நின்றுவிடும். நாற்பதாண்டு மருந்துக்கடையில் நின்று எடைபோட்டே வாழ்ந்தவர் அவர். 'நல்லா' என்னும் சொல்லை எந்தத் தராசிலும் இட முடியாது. விரற்கடையை இடலாம், இட்டுப் பார்த்தார், அது கனத்தது.

குவளையைக் கழுவுமிடத்துக்கு எடுத்துச் சென்று சாய்த்தார். வடிகால் அதை ஒரே மடக்கில் குடித்தது. அதுவாவது மிச்சம் வைக்கவில்லை.

வீடு ஹேசலின் முதல் கணவன் ரோலண்டினுடையது. அவன் இறந்து நான்காண்டுகள் ஆகின்றன. கொல்லைப்புறத்துக் கார் கொட்டகையில் கார் என்றும் நின்றதில்லை. ரோலண்டின் அண்டாக்களும், ஊறல் போடும் வாளிகளும், சுவரலமாரியில் அவன் தகர டப்பாக்களும் நின்றன. அவற்றோடு டெரிக்கும் அங்கே வந்து சேர்ந்தார். அண்டாக்களை எடுத்துக்கொண்டார், வேறு வழியில்லை. டப்பாக்களை மட்டும் தொடவில்லை. தன் உப்புகளைத் தன் பழைய மருந்துக்கடைக் கண்ணாடிச் சாடிகளில், தன் கையெழுத்தில் பெயர் ஒட்டி, தனித் தட்டில் அடுக்கினார். இறந்தவனுடைய மனைவியை மணந்துகொள்ளத் தயங்காத மனம் அவனுடைய டப்பாவைத் திறக்கக் கூசியது. மனத்தின் நாணங்களுக்கு ஒழுங்கேது?

அவர்கள் வாழும் பர்ட்டன், நீரால் எழுந்த ஊர். ஜிப்சப் படுகைகளினூடே ஊறித் தெளிந்து, கிணறுகளில் ஏறி நிற்கும் அந்த நீரில் வடித்த பீருக்குத் தீக்குச்சி உரசினாற்போல் ஒரு மணமும், நாவின் ஓரத்தை நிமிர்த்தும் ஒரு கசப்பும் உண்டு. உலகின் வேறெந்த மூலையிலும் பீர் வடிப்பவன் தன் நீரில் உப்பிட்டு அதை இந்நீராக்க முயன்றால், அச்செயலுக்கு இவ்வூரின் பெயரையே வினைச்சொல்லாக்கிச் சொல்கிறான். ஆனால் கிணறுகள் பீர் ஆலைகளுக்குரியவை. வீட்டுக் குழாயில் வருவதோ தொலைவிலிருந்து வரும் பொதுநீர். பர்ட்டனில் பிறந்து பர்ட்டனிலேயே முதிர்ந்தவனும் அயல்நீருக்கு உப்பிட்டுத்தான் தன் ஊர்நீரைப் பெற வேண்டும்.

டெரிக் அதை வழிபாட்டின் கவனத்தோடு செய்தார். குளோரின் நெடி அகல ஒரு வில்லையை நொறுக்கிக் கலப்பார். பின்னர் சோதனை. சிறு கண்ணாடிக் குப்பியில் அளந்த நீரை ஊற்றி நிறங்காட்டியை இட்டால் நீர் நீலப்பச்சையாகும். அதில் அமிலத்தைத் துளித்துளியாக விட வேண்டும். துளிகள் விழுந்துகொண்டேயிருக்கும், நீர் அசையாது பச்சையாகவே நிற்கும். பிறகு ஏதோ ஒரு துளியில், முன்னறிவிப்பின்றி, முழுதும் இளஞ்சிவப்பாகிவிடும். அதுவரை விழுந்த துளிகளின் எண்ணிக்கையே நீரின் காரத்தின் அளவு. அதற்கேற்ப அமிலம், கசப்பு நிமிர ஜிப்சம், உப்பு ஒரு சிட்டிகை, அதனினும் குறைவாகப் பேதி உப்பு. அளவில் பிழையில்லை. ஆயினும் ஹேசல் குவளையில் மிச்சம் இருந்தது.

ரோலண்டின் பீரை அவள் குடித்த விதத்தை டெரிக் கண்ணாரக் கண்டவர். பப்பின் மாடியறையில் கூடும் வீட்டு வடிப்போர் சங்கத்தில் இருபதாண்டுகள் அவர்களுக்கு எதிர்ப்பக்கத்து நாற்காலியில், துணையற்றவராக, அமர்ந்திருந்தார். ரோலண்ட் சங்கத்தின் தலைமை நடுவர். ஹேசல் எப்போதும் அவன் தோளருகில். அவள் குடித்து முடிக்கும் தறுவாயில் அவன் அவளுடைய குவளையை வாங்கி, கடைசி மிடற்றை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, "எப்படி இருக்கா பாரு இவ?" என்று பீரைப் பெண்ணாகப் பாவித்துக் கேட்பான். ஹேசல் தலையைச் சாய்த்து, "ஓடுற நரியோட முதுகு," என்பாள். இன்னொரு நாள், "மெருகு போட்ட சர்ச் பெஞ்சு." இன்னொரு நாள், "மழையில நனஞ்ச செங்கல்." அவன் அதைக் கேட்டு மெல்லச் சிரித்து, மிடற்றை அவளிடமே கொடுப்பான். அவள் குடித்து முடிப்பாள். அறையே அவர்களைப் பார்த்துப் புன்னகைக்கும். டெரிக்கும் புன்னகைப்பார்; வீட்டுக்குப் போய்த் தனியே சோதனைக் குப்பியைக் கழுவுவார்.

அவன் இறந்தபின் சங்கம் கோப்பையொன்றை வாங்கி அவன் பெயரைப் பொறித்தது. வசந்தத்தில் சிறந்த கசப்புப் பீருக்கு அது வழங்கப்படும். டெரிக் அதை வெல்ல விரும்பினார். தன் மனைவியின் முன்னாள் கணவனுடைய பெயர் பொறித்த பாத்திரத்தை வென்று அவன் வீட்டு மாடத்திலேயே வைக்க விரும்பும் விருப்பம் எத்தகையது என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

குளிர்காலக் கூட்டத்துக்கு அவர் கொண்டுபோன பீரில் ஜிப்சத்தை உயர்த்தியிருந்தார். செயலாளர் வின்ஸ் ஒரு வாய் குடித்து, உதட்டைத் துடைத்து, குவளையைப் பார்த்தான்.

"என்ன ராசா, ஜிப்சம் மூட்டையையே கவுத்துட்டியா? இது குடிக்கவா, இல்ல கால் முறிஞ்சா மாவுக்கட்டுப் போடவா?"

சிரிப்பு மேசையைச் சுற்றி வந்தது.

"எல்லாம் கணக்குப்படிதான்," என்றார் டெரிக்.

"கணக்குல வர்ற சமாச்சாரமா இது? ரோலண்ட் தண்ணில என்னமோ பண்ணுவான்டா. எத்தனை தடவ கேட்டிருப்பேன், வாயத் தெறந்ததில்ல. ஒரு நாள் வீட்டுக்கே போயிட்டேன். தண்ணி தயார் பண்றாங்க ரெண்டு பேரும். கொட்டகைக் கதவு உள்பக்கம் தாழ்ப்பா! தட்டுனா, 'இருடா, முடியட்டும்'ங்கறான். உள்ள ஹேசல் சிரிக்கிற சத்தம். கதவத் தெறந்தப்ப அந்த ரெண்டு மூஞ்சியப் பார்க்கணுமே. கல்யாணமாகி முப்பது வருசம் ஆனவங்க மூஞ்சியாடா அது?" சொல்லி முடித்தபின்தான் யாரிடம் சொல்கிறோம் என்பது வின்ஸுக்கு உறைத்தது. "சரி விடு. பழைய கதை. அந்தக் கடலைய இப்படித் தள்ளு."

டெரிக் கடலைத் தட்டைத் தள்ளினார். பொறாமை நெஞ்சில் எரியும் என்பார்கள். அவருக்கு அது பல்லில் வந்தது. வீடு சேரும்வரை தாடை திறக்கவில்லை. பாலத்தின்கீழ் ட்ரெண்ட் ஆறு கருத்து ஓடிற்று. தாழிட்ட கதவு, உள்ளே சிரிப்பு. தனக்கு அவள் கதவைத் திறந்தே வைத்திருக்கிறாள். தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "குளிருது, கம்பளியப் போட்டுக்கோ," என்று சொல்லிப் போய்விடுகிறாள்.

ஹேசல் தன் சர்ச் பாடற்குழு அங்கியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணில என்ன போட்டான்?"

"யாரு?"

"யாருன்னு உனக்குத் தெரியும்."

"குழாய்த் தண்ணிதான்ப்பா. நீ போடறதேதான் அவனும் போட்டான்."

"அப்புறம் எதுக்குக் கதவச் சாத்துனீங்க?"

தேய்ப்புப்பெட்டி நின்றது. துணியிலிருந்து ஆவி எழுந்து அவள் முகத்தை ஒரு கணம் மறைத்தது. "வின்ஸு வாய்க்கு ஒரு பூட்டுப் போடணும். அது ரோலண்டோட விசயம், டெரிக். சொல்லமாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"அவன் செத்துப்போயிட்டான்."

"ஆமா," என்றாள். "நான் சாகலையே."

மறுநாள் அவள் பாடற்குழுவுக்குச் சென்றபின் டெரிக் கொட்டகையில் நாற்காலி போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து ரோலண்டின் டப்பாக்களை இறக்கினார். ஒரே வார்ப்பில் செய்த மூன்று தகர டப்பாக்கள். மூடி மட்டும் ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்குப் பழுப்பு. உள்ளே இறுகிய வெண்பொடிகள். நாக்கு நுனியில் வைத்தே இனங்கண்டார்: சிவப்பில் ஜிப்சம், பச்சையில் பேதி உப்பு, பழுப்பில் சாதாரண உப்பு. மாயமொன்றும் இல்லை. மூடிகளை அழுத்தி மூடும்போதுதான் விரலுக்கு அது தட்டுப்பட்டது. ஒவ்வொரு மூடியின் நடுவிலும் நகப்பூச்சால் இட்டு உலர்ந்த, மேடான சிறு புள்ளிகள். சிவப்பு மூடியில் ஒன்று, பச்சையில் இரண்டு, பழுப்பில் மூன்று. ஹேசல் அந்நாளில் பூசிவந்த பவள நிறப் பூச்சு.

டெரிக் நாற்காலியிலேயே அமர்ந்துவிட்டார். டப்பாக்களை வேறுபடுத்திக் காட்ட மூடிகளின் நிறமே போதும். நிறம் கண்ணுக்கு முன்னால் இருக்க, அதன்மேல் எவரும் காரணமின்றிப் புள்ளி வைப்பாரோ? ஆகவே புள்ளி அளவைக் குறிக்கிறது. ஜிப்சம் ஒரு பங்கு, பேதி உப்பு இரண்டு, உப்பு மூன்று. அவர் வாசித்த எல்லாவற்றுக்கும் முரணான விகிதம். எவனும் எண்ணியும் பாராத விகிதம். அதனாலன்றோ கதவைச் சாத்தினார்கள்! அந்த மூவரிசை அவருக்குத் திறவுகோல்போல் தோன்றிற்று. பேதி உப்பை இரு பங்கு இட்டால் என்னவாகும் என்பது கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவர் அறிந்தது. அறிவு அறிந்ததை அழுக்காறு கேட்கவிடவில்லை.

அந்தச் சனிக்கிழமையே ஊறல் போட்டார். வாற்கோதுமை ஊறிக் கொதித்து, ஹாப்ஸ் பூவின் மணம் கொல்லையெங்கும் பரவி, வாளியில் நுரைத்து அடங்கி, புட்டிகளில் தெளிந்தது. நிறம் அழகாக வந்தது. தான் முதலில் சுவைக்கவில்லை. அவள் முன்னே வைத்தார்.

ஹேசல் ஒரு மடக்கு விழுங்கினாள். கண்கள் விரிந்தன. குவளையை வைத்துவிட்டு வாயைக் கையால் பொத்தினாள்; தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்றே டெரிக் நினைத்தார்.

"ஐயோ கடவுளே, டெரிக்! எங்கம்மா சனிக்கிழமை சனிக்கிழமை மூக்கப் பிடிச்சு ஊத்துவாளே, அந்த மருந்துப்பா இது! கடல்தண்ணில கலந்து குடுத்திருக்கே! ரெண்டு குவளை உள்ள போச்சுன்னா பாடற்குழு நடுவுல எந்திரிச்சு ஓடணும்." சிரிப்பில் கண்ணீர் வழிந்தது. "என்னத்தப் போட்டே?"

"அவன் போட்டததான்."

கொட்டகைக்குப் போய் மூன்று டப்பாக்களையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு. நீ வெச்ச புள்ளிதானே?"

அவள் சிரிப்பு அடங்கிற்று. சிவப்பு மூடியைக் கட்டைவிரலால் தடவினாள், பிறகு பச்சையை. புள்ளிகளின்மேல் அவ்விரல் நெடுநேரம் நின்றது.

"இது அளவு இல்லப்பா." குரல் வேறாகியிருந்தது. "அவனுக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணுதான். பொறந்ததுலேர்ந்தே. ரயில் ஓட்டணும்னு ஆசைப்பட்டுப் போனான், கண்ணப் பார்த்துட்டு வேணாம்னு அனுப்பிட்டாங்க. அத எவன்கிட்டயும் சொன்னதில்ல. டப்பா வாங்கினப்ப எனக்கு அது ஞாபகமே இல்ல. மூடி அழகா இருக்குன்னு வாங்கிட்டேன். அப்புறம்தான் தடவிப் பார்த்து எடுக்கட்டும்னு புள்ளி வெச்சேன்."

டெரிக் சிவப்பு மூடியையும் பச்சை மூடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தண்ணி சோதனையும் அப்படித்தான். எந்தத் துளில நெறம் மாறுதுன்னு அவனுக்கு எங்க தெரியும்? அவன் துளி விடுவான், நான் தோள்மேல எட்டிப் பார்த்து 'இப்ப'ன்னு சொல்லுவேன். வின்ஸு மாதிரி யாராவது வந்து பார்த்துட்டா? அதான் கதவு. சில நாளு வேணும்னே சொல்லாம அவனத் தவிக்க விடுவேன்." ஒரு நொடி அவள் இதழோரம் பழைய சிரிப்பொன்று வந்து, டெரிக்கைக் கண்டதும் போய்விட்டது. "தலைமை நடுவர். பதினஞ்சு வருசமா எல்லார் பீரோட நெறத்துக்கும் மதிப்பெண் போட்டான். சொன்னா சிரிப்பாங்கன்னு செத்துப்போற வரைக்கும் பயந்தான்."

நரியின் முதுகு, சர்ச் பெஞ்சு, மழையில் நனைந்த செங்கல். டெரிக்குக்கு ஒவ்வொன்றாக மீண்டு வந்தன. இருபதாண்டுகள் எதிர்நாற்காலியிலிருந்து கொஞ்சல் என்று நினைத்துத் தான் வெந்தவை, நிறம் காணாதவனுக்குக் கண்ணை எடுத்துக் கொடுத்த சொற்கள்.

"அப்ப மிச்சம் வைக்கறது?" என்று கேட்டார். "ஒவ்வொரு தடவையும். கடைசில."

"நானா? மிச்சமா வைக்கிறேன்?" உண்மையிலேயே வியந்து அவள் தன் குவளையைப் பார்த்தாள்.

நீரில் எதுவும் இல்லை என்று அறிந்தால் மனம் ஆறும் என்று எண்ணியிருந்தார். ஆறவில்லை. பொறாமை இடம் மட்டும் மாறிற்று. ஒரு விகிதத்தின்மேல் காய்ந்தவர் இப்போது அவன் கண்ணின் குறையின்மேல் காய்ந்தார். தன் கண்கள் பழுதற்றவை. அவற்றுக்கு எவர் துணையும் வேண்டாம். கதவைச் சாத்திக்கொள்ள அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

வசந்தக் கூட்டத்துக்கு அவர் எந்தப் பீரையும் கொண்டுபோகவில்லை. ஹேசல் அவர் அருகில் இருந்தாள். கோப்பையைக் கையிலேந்தி வின்ஸ் எழுந்தான்.

"ரோலண்ட் இருந்தா இன்னிக்கு நாம எல்லாரும் தோத்திருப்போம். என்னா கண்ணுடா அது! வெளிச்சத்துல ஒரு தூக்கு. இதுல கருகின வாற்கோதுமை கூடிப்போச்சும்பான், இது ஒரு வயசுச் சரக்கும்பான். கழுகு தோத்துப்போகும். என்ன டெரிக், நீதான் எதிர்ல உக்காந்து பார்த்தவனாச்சே. சொல்லு!"

எல்லா முகங்களும் திரும்பின. ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் அவர் நாவின்மேல் முழுதாய், சரியான எடையில், வந்து அமர்ந்திருந்தது. அதை உமிழ்ந்தால் வின்ஸின் கையில் இருப்பது வெறும் தகரமாகிவிடும், ரோலண்ட் இரண்டாம் முறை இறப்பான். ஹேசல் அவரைப் பார்க்கவில்லை. அவளுடைய கட்டைவிரல் மேசையின் விளிம்பை, அங்கே இல்லாத புள்ளிகளைத் தடவுவதுபோல், மெல்லத் தடவிக்கொண்டிருந்தது.

"ஆமா," என்றார் டெரிக். அவர் கண் வின்ஸின்மேல் இல்லை. பக்கத்தில் இருந்தவள்மேல் இருந்தது. "அப்படி ஒரு கண்ண நான் வேற எங்கயும் பார்த்ததில்ல."

விரல் நின்றது. குவளைகள் உயர்ந்தன. திரும்பும் வழியில், பாலத்தின் நடுவில் அவள் தன் கையை அவருடைய மேலங்கியின் பைக்குள் விட்டாள். குளிருக்காக இருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை காலையில் டெரிக் புதிய ஊறலுக்கு நீர் அளந்தார். வில்லை கரைந்தது. குப்பியில் நிறங்காட்டி விழுந்து நீர் நீலப்பச்சையாயிற்று. கொட்டகைக் கதவு வழக்கம்போல் திறந்திருந்தது. புறத்தே மரங்கொத்தியொன்று எங்கோ தட்டிக்கொண்டிருந்தது. ஹேசல் தேநீரோடு வந்தாள். குவளையைப் பலகைமேல் வைத்துத் திரும்பியவள், அவர் துளிக்குழாயைக் கையில் ஏந்திக் கண்களை மூடிக்கொண்டு நிற்பதைக் கண்டாள்.

"என்னப்பா, தலை சுத்துதா?"

"இல்ல. நீ பார்த்துச் சொல்லு."

"உனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுதே."

"தெரியுது."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. தான் கேட்பது திருட்டு என்பதை அவர் அறிவார். இறந்தவனுடைய அண்டாவையும் வீட்டையும் எடுத்துக்கொண்டவன் இப்போது அவன் நிறக்குருட்டையும் எடுத்துக்கொள்ளக் கை நீட்டுகிறான். அவள் சினக்கலாம். தேநீர் ஆறிப்போகும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். மரங்கொத்தி ஓய்ந்தது. செருப்பொலி கேட்டது, அது வாயிலை நோக்கிச் சென்றது. அவரறியாமல் விரல் அழுந்தி ஒரு துளி விழுந்தது. பிறகு கதவின் கீல் முனகிற்று. வெளியே போனாளா, உள்ளே நின்று சாத்தினாளா என்று அந்த ஓசையிலிருந்து அவரால் பிரித்தறிய முடியவில்லை. இமைகளுக்குள் வெளிச்சம் குறைந்திருந்தது.

டெரிக் இன்னொரு துளியை விட்டார். இன்னும் ஒன்றை. எங்கிருந்தும் குரல் வரவில்லை. நீர் பச்சையாகவே நிற்கிறதோ, எப்போதோ சிவந்துவிட்டதோ. கழுத்தின் பின்புறத்தில் வெதுவெதுப்பாக, மூச்சுப்போல் ஏதோவொன்று பட்டது. அவர் அசையாமல், அடுத்த துளி குழாயின் நுனியில் திரள்வதை விரல்களால் உணர்ந்தபடி நின்றார்.